அந்தக் கல் ஆடும் என்று எனக்குத் தெரியும்

என் சித்தியின் இடது காலில் இரண்டு விரல்கள் கிடையாது. யாராவது கேட்டால், “கல்லு வியுந்துச்சு” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அது விழப்போகிற கல் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருத்தி, அன்றைக்குப் பத்தடி தூரத்தில் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அது நான்தான்.

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய குப்பத்தில் எங்கள் வீடு. நான் சிறுமியாக இருந்தபோது கடலுக்கும் எங்களுக்கும் நடுவே நான்கு வரிசை வீடுகள் இருந்தன. நான் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் இரண்டு வரிசையைக் கடல் எடுத்துக்கொண்டது. ஒரு மழைக்காலத்தில் ஒரு வீட்டின் பின்சுவர் போகும். அடுத்த மழைக்காலத்தில் அந்த வீடே இருக்காது. அதற்குப் பிறகுதான் லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து, எண்ணூர் போகும் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டிக் கரை நெடுகக் கொட்டினார்கள். ஆள் உயரக் கற்கள், இடுப்பு உயரக் கற்கள். எங்களுக்கு மணல் போய்க் கல் வந்தது. துணி காயப்போடுவது, கருவாடு உலர்த்துவது, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அந்தக் கற்களின்மேல்தான்.

எந்தக் கல்லில் உட்காரலாம், எது ஆடும் என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அமாவாசைக்குக் கடல் ஏறி இறங்கினால் கற்களுக்கு அடியில் இருக்கும் மணலை உருவிக்கொண்டு போய்விடும். நேற்று வரை அசையாமல் கிடந்த கல் இன்றைக்கு ஆடும். யாராவது ஒருவர் மிதித்துப் பார்த்துவிட்டு வந்து, “அந்தாண்ட போவாதீங்க” என்று பிள்ளைகளிடம் சொல்வார். நாங்கள் போகமாட்டோம். இதெல்லாம் ஒரு படிப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிளஸ் டூவில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு வேதியியல் கிடைக்கவில்லை. நகரத்துக்குள் இருந்த ஒரு கல்லூரியில், “ஜியாலஜியில இடம் இருக்கு, போடட்டுமா?” என்று கேட்டார்கள். சரி என்றேன். அது என்ன படிப்பு என்று வீட்டில் கேட்டபோது, கல், மண், மலை இதைப் பற்றியது என்றேன்.

“கல்லுல இன்னாடி படிக்க கீது?” என்று சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. என்னைவிடப் பன்னிரண்டு வயதுதான் பெரியவள். அடுத்த வீடு. விடிவதற்கு முன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூவி விற்பாள். நைனா விசைப்படகில் தொழிலுக்குப் போனால் திரும்ப வாரம் ஆகும். அம்மா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போவாள். அதனால் எனக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் வந்து நின்றதும் சித்திதான். அன்றைக்குச் சிரித்தவள் மறுநாளே, மீன் விற்கப்போன தெருக்களில் எல்லாம், “எங்க அக்கா பொண்ணு காலேஜ்ல கல்லு படிக்குது” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் வருடம் செய்முறை வகுப்பில் ஒரு நாள், பேராசிரியர் என் கையில் ஒரு கல்லைக் கொடுத்து, என்ன பாறை என்று சொல்லச் சொன்னார். வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையாக ஓட, நடுநடுவே குங்குமப் பொட்டு மாதிரி சிவப்புப் புள்ளிகள். எங்கள் கரையில் கொட்டிக் கிடக்கிற அதே கல். அதைப் பார்த்த சந்தோஷத்தில் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசிவிட்டேன்.

“இது நைஸ் சார். உருமாறிய பாறை. இதுல கார்னெட் கீது சார்.”

வகுப்பே சிரித்தது. பேராசிரியர் கோபப்பட்டு, “விடை சரி. சிரிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?” என்று கேட்டார். ஆனாலும் அடுத்த ஒரு மாதத்துக்கு என் பெயர் ‘கார்னெட் கீது’தான். ஒரு பையன் இதில் கெட்டிக்காரன். நான் உள்ளே வரும்போதெல்லாம் அச்சு அசலாகக் குப்பத்துக் குரலில், “இன்னாமே, பஸ்ஸு கீதா?” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகினேன். இருக்கு, வந்துட்டிருக்கேன், வீடு, விடு. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், “ஹார்பர்ல வேலை” என்பேன். படகைக் கட்டிவைக்கிற இடமும் ஹார்பர்தானே, இது பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். எனக்கு ஒரே ஒரு நெருங்கிய தோழி. அண்ணா நகர்ப் பெண். என் பேச்சைப் பார்த்து அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. “உங்க வீட்டுக்கு ஒரு நாள் வரேன்பா, கடல் பக்கம்னு சொன்னியே” என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் ஏதோ காரணம் சொல்லித் தள்ளிவிட்டேன்.

இரண்டாம் வருடம் சரிவுகளைப் பற்றிய பாடம் வந்தது. மலைச்சரிவில் இருக்கிற மண்ணும் பாறையும் எப்படிக் கீழே வருகின்றன என்பதுதான் பாடம். சில நேரம் உருண்டு விழும், சில நேரம் மொத்தமாக வழுக்கிக்கொண்டு வரும், சில நேரம் சேறாக ஓடும். கண்ணுக்கே தெரியாமல் வருடக்கணக்கில் நகர்வதும் உண்டு. பாடத்தை முடித்துவிட்டு நீலகிரிக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. புறப்பட நான்கு நாள் இருக்கும்போது, மழையில் மண் சரிந்து மலைப்பாதை மூடிவிட்டது.

“நிலச்சரிவைப் பார்க்கப் போக விடாம நிலச்சரிவே தடுத்துடுச்சு” என்று பேராசிரியர் சிரித்தார். பிறகு வேறு திட்டம் சொன்னார். “ஒரே நாள்ல முடிச்சிடலாம். காலையில பல்லாவரம் பக்கம் ஒரு பழைய குவாரி. பாறை தன்னோட இடத்துல எப்படி நிக்குதுன்னு பார்க்கலாம். மத்தியானம் எண்ணூர் ரோட்டுல கடல் ஓரம் கல் கொட்டி வச்சிருக்காங்களே, அங்க போறோம். அதே மாதிரிக் கல்லு, குவியலா இருந்தா எப்படி நிக்குதுன்னு சாய்வை அளக்கலாம்.”

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். களப்பயண அறிக்கைக்கு மதிப்பெண் உண்டு, போகாமல் இருக்க முடியாது. எண்ணூர் ரோடு நீளமான ரோடு, எங்கள் குப்பத்துப் பக்கமே வண்டி நிற்கவேண்டும் என்று என்ன கட்டாயம் என்று தேற்றிக்கொண்டேன். வீட்டில் பல்லாவரம் போகிறோம் என்று மட்டும் சொன்னேன்.

அன்று காலை நான் கிளம்பும்போது சித்தி ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவைக் கையில் திணித்தாள். நெத்திலி வறுவல். டப்பா சுட்டது.

“நீ மட்டும் துன்னாத. உன் தோஸ்துங்களுக்கும் குடு” என்றாள். அதை வறுப்பதற்காக அன்றைக்கு அவள் காசிமேட்டுக்குத் தாமதமாகத்தான் போயிருப்பாள்.

குவாரியில் எனக்கு நல்ல நாள். வெட்டி நிறுத்திய பாறைச் சுவர் கருநீலமாக, எண்ணெய் தடவினது போல மின்னியது. சார்னோகைட். “இது ஒரு காலத்துல வேற பாறை. பூமிக்கு அடியில சூடும் அழுத்தமும் பட்டு, உருகாமலே மாறிடுச்சு” என்றார் பேராசிரியர். பிறகு சுவரில் ஓடிய விரிசல்களைக் காட்டி, “இவ்வளவு கெட்டியான பாறை. அப்புறம் ஏன் அந்த மூலையில மட்டும் சரிஞ்சு கிடக்குது?” என்று கேட்டார். அந்த மூலையில் விரிசல்கள் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன, மற்ற இடங்களில் மலைக்குள் சாய்ந்திருந்தன. நான் அதைச் சொன்னேன், ஒரு ‘கீது’கூட வராமல். “பார்த்துக்கங்க, கண்ணை வச்சுப் பார்க்கிறதுன்னா இதுதான்” என்று அவர் எல்லோருக்கும் சொன்னார். தோழி என் முதுகில் தட்டினாள்.

மதியம் எல்லோரும் நிழலில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தார்கள். புளிசாதம், தயிர்சாதம், எலுமிச்சை சாதம். நான் கைகழுவப் போவதுபோலப் போய், ஒரு புதருக்குப் பின்னால் டப்பாவைத் திறந்து நெத்திலி முழுவதையும் கொட்டினேன். டப்பாவைக் கழுவி, நோட்டிலிருந்து தாள் கிழித்து வாசனை போகும்வரை துடைத்தேன். வீட்டிலிருந்து கட்டிவந்த வெறும் சோற்றைத் தின்றேன். அப்போதுகூட எனக்கு அது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. தப்பித்துவிட்டோம் என்றுதான் இருந்தது.

மூன்று மணிக்கு வண்டி எங்கள் குப்பத்துக்கு எதிரிலேயே போய் நின்றது. அங்கேதான் ரோடு கொஞ்சம் அகலம், ஒரு டீக்கடையும் உண்டு. நான் துப்பட்டாவைத் தலையைச் சுற்றி, மூக்கு வரைக்கும் இழுத்துக் கட்டிக்கொண்டேன். வெயில் இருந்தது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். அம்மா கம்பெனியில் இருப்பாள். சித்தி திரும்ப நாலு மணியாவது ஆகும். ஒரு மணி நேரம்தானே என்று எண்ணிக்கொண்டேன்.

பேராசிரியர் எங்களைக் குழுக்களாகப் பிரித்தார். “குவிச்சுக் கொட்டின கல் நாற்பது டிகிரிச் சாய்வு வரைக்கும்தான் தாங்கும். அதைவிட நெட்டா இருக்குதுன்னா ஏதோ ஒண்ணு அதைப் பிடிச்சுக்கிட்டிருக்குதுன்னு அர்த்தம். மூணு இடத்துல அளந்து எழுதுங்க. மேல ஏறாதீங்க, ஓரமா நின்னு பாருங்க” என்று சொல்லிவிட்டு, தெற்கே இருந்த குழுவுடன் போனார். எங்கள் குழுவில் நானும் தோழியும், இன்னொரு பையனும், ‘கார்னெட் கீது’ என்று கூப்பிட்ட அந்தப் பையனும்.

இரண்டு இடத்தில் அளந்தோம். மூன்றாவதாக அந்தப் பையன் ஓர் இடத்தைக் காட்டி, “அங்க பாரு, செம நெட்டா இருக்கு. படம் வரைஞ்சா சூப்பரா இருக்கும்” என்றான்.

போன அமாவாசைக்குக் கடல் ஏறியதில் அடிமணல் போன இடம் அது. கீழே இருந்த கற்கள் உள்ளே இறங்கி, மேலே ஒரு பெரிய கல் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. பத்து நாளாகக் குப்பத்தில் யாரும் அதன் பக்கம் போகவில்லை. ஒரு பழைய வலைத் துண்டைக் குறுக்கே கட்டி வைத்திருந்தார்கள். வெளியாளுக்கு அது குப்பை மாதிரிதான் தெரியும். தோழி சாய்வு அளக்கும் கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “நாற்பத்தெட்டு டிகிரி!” என்றாள். நான் அதை நோட்டில் எழுதினேன்.

“வேற இடம் பார்க்கலாமே” என்றேன்.

“ஏன்?”

ஏன் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். “இல்ல, சும்மா” என்றேன்.

அந்தப் பையன் வலைத் துண்டைத் தாண்டி, கையில் அளவு டேப்போடு மேலே ஏறினான். அப்போதுதான் ரோட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது.

“ஏய் தம்பி! எறங்கு! அந்தக் கல்லு ஆடுது! அடியில மண்ணே கெடையாது! எறங்குன்னு சொல்லிகினே கீறேன், ஏறிகினே போறியே!”

சித்தி. தாமதமாகப் போனதில் மீன் குறைவாகக் கிடைத்து, வியாபாரம் சீக்கிரம் முடிந்திருக்கிறது. காலிக் கூடை இடுப்பில் இருந்தது.

பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “இன்னாமே? கல்லு ஆடுதா? டான்ஸு ஆடுதா?” அந்தக் குரலை அவன் என்னை வைத்துத்தான் பழகியிருந்தான். மற்றவனும் சிரித்தான்.

தோழி மட்டும் சிரிக்காமல் என்னிடம் கேட்டாள். “அந்தம்மா ஏதோ பதறிப்போய்ச் சொல்றாங்க. என்னவாம்?”

“தெரியல” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இங்கல்லாம் இப்படித்தான் கத்துவாங்க” என்றும் சொன்னேன்.

சித்திக்குக் கேட்டுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். துப்பட்டாவுக்கு மேலே என் கண் மட்டும்தான் தெரிந்திருக்கும். அது போதும் அவளுக்கு. கூடையை ரோட்டோரம் வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என்னைத் தாண்டிக் கல்லின்மேல் ஏறினாள். அந்தப் பையனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து ஓரமாகத் தள்ளினாள். அவன் தடுமாறி உட்கார்ந்தான். அந்த அசைவுக்கே பெரிய கல் முன்பக்கம் சாய்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. பொடிக்கற்கள் சரசரவென்று ஓட, அது அரை முழம் இறங்கி நின்றது. அவளுடைய இடது கால் அதற்கு அடியில்.

அவள் போட்ட கூச்சல் இன்னும் எனக்குக் கேட்கிறது. ஆனால் என் கால் நகரவில்லை.

பேராசிரியர் ஓடிவந்தார். குப்பத்திலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். யாரோ கடப்பாரை கொண்டுவந்தார்கள். அந்தப் பையன்தான் முதலில் கடப்பாரையைப் பிடித்து நெம்பினான். அவன் அழுதுகொண்டிருந்தான். எங்கள் எதிர்வீட்டு அக்கா கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டாள். “ஏய், நீ இங்கியா கீற? உங்க சித்...” என்று ஆரம்பித்தாள்.

“அத்த வுடு! அந்தப் பொண்ண இன்னாத்துக்கு இஸ்துகினு கீற? என் காலப் புடி!” என்று சித்தி அவளை அடக்கினாள். கால் கல்லுக்கு அடியில் இருக்கும்போது, அவள் என் பொய்யைக் காப்பாற்றினாள்.

“உங்க வீட்ல யாரைக் கூப்பிடணும்மா?” என்று பேராசிரியர் கேட்டார்.

“யாரும் இல்ல சார். எல்லாம் வேலைக்குப் போய் கீறாங்க” என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் வண்டியிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீளமான பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். எதிர்வீட்டு அக்கா அவள் காலைத் தாங்கிக்கொண்டு கூடவே வந்தாள். “பொண்ணுங்க யாராவது தலையைப் பிடிச்சுக்கங்கம்மா” என்றார் பேராசிரியர். நான் எழுந்திருக்கவில்லை. தோழி ஓடிப்போய் உட்கார்ந்து, சித்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் புதிதாகப் போட்டிருந்த வெள்ளைச் சுடிதார். மீன் தண்ணியும் ரத்தமும் அதில் ஊறின. அவள் முகம் சுளிக்கவில்லை. சித்தியின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, “கொஞ்சம் பொறுத்துக்கங்க, வந்துட்டோம், வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இவர்களுக்குப் பயந்துதான் நான் இரண்டு வருடமாக ஒளிந்துகொண்டிருந்தேன். நான் நான்கு சீட்டு தள்ளி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில், கூட வந்த சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். அவள் போய்க் கையெழுத்துப் போட்டாள். பேராசிரியரும் அந்தப் பையனும் அங்கேயே இருந்தார்கள். மற்றவர்களை வண்டி கல்லூரியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து நான் எப்போதும்போல பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்கு முன்னால் கூட்டம். அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “எவனோ காலேஜு பசங்களாம், கல்லு அளக்க வந்தானுங்களாம். நம்மாளு போய்க் காலக் குடுத்துட்டா. நல்லா இருப்பானுங்களா?” என்று அழுதாள். “அய்யோ, எப்பம்மா?” என்று நான் கேட்டேன். அப்படிக் கேட்க எனக்கு வந்தது.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்ததை அம்மாவிடம் சொல்லவில்லை, சித்திதான் தடுத்திருப்பாள். மறுநாள் அம்மா டீ வாங்கக் கீழே இறங்கியபோது, கட்டில் அருகில் நானும் சித்தியும் தனியாக இருந்தோம். அவளுக்கு முகம் வீங்கியிருந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளே, “மீனு துன்னாங்களா உன் தோஸ்துங்க?” என்று கேட்டாள்.

“துன்னாங்க சித்தி. சோக்கா இருந்துச்சாம்” என்றேன்.

அறிக்கை எழுதவேண்டி வந்தது. நான் நன்றாக எழுதினேன். சரிவின் அடிப்பகுதியில் இருந்த மணலைக் கடல் அரித்தது, தாங்கிய கற்கள் இறங்கின, மேலே இருந்த கல்லுக்குப் பிடிமானம் போனது, லாரிகள் ஓடும் அதிர்வும் சேர்ந்தது என்று வரிசையாக, படத்தோடு எழுதினேன். சரிவின் அடிப்பகுதிக்கு எங்கள் ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள சொல் ‘டோ’, கால்விரலையும் குறிக்கிற அதே சொல். அதை எழுதும்போது என் பேனா ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். தோழியின் அறிக்கையில் படம் சரியில்லை. ஆனால் அவள் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘அங்கே வசிக்கும் ஒரு பெண் எங்களை முன்பே எச்சரித்தார், நாங்கள் கேட்கவில்லை.’ பேராசிரியர் அதை வகுப்பில் படித்துக் காட்டினார்.

சித்தி வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நான் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவள் காலை என் மடியில் வைத்துக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், பேராசிரியரும் தோழியும் பையில் பழங்களோடு நின்றிருந்தார்கள். கல் விழுந்த அம்மா வீடு எது என்று கேட்டு வந்திருக்கிறார்கள்.

நான் கட்டுத்துணியைக் கீழே வைத்தேன்.

“நீ எங்கம்மா இங்க?” என்றார் பேராசிரியர்.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள். “பக்கத்து வூட்டுப் பொண்ணு சார். நல்ல பொண்ணு. ஒத்தாசைக்கு வந்துகினு கீது.”

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. “இல்ல சார். இது என் சித்தி. அது என் வூடு” என்று அடுத்த கதவைக் காட்டினேன்.

பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். தோழி என்னையும் அந்தக் கதவையும் கடற்கரைப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் மனதில் ஒவ்வொன்றாகக் கூடிவருவது அவள் முகத்திலேயே தெரிந்தது.

“அப்போ அந்தக் கல்லு ஆடும்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்.”

“நான் கேட்டேனே உன்கிட்ட.”

“ஆமா.”

சித்தி, “வாங்கம்மா, உள்ள வந்து குந்துங்க, கலர் வாங்கியாரச் சொல்றேன்” என்று பரபரத்தாள். அவர்கள் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போனார்கள். போகும்போது தோழி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கல்லூரியில் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து செய்முறை வகுப்பில் வேறு மேசைக்குப் போய்விட்டாள். படிப்பு முடியும்வரை என்னிடம் மரியாதையாகத்தான் பேசினாள். அந்தப் பையன் அதற்குப் பிறகு யார் மாதிரியும் பேசிக் காட்டவில்லை. ஒரு நாள் என்னிடம் வந்து, அந்த அம்மாவைப் போய்ப் பார்க்கலாமா, திட்டுவார்களா என்று கேட்டான். திட்டமாட்டார்கள் என்றேன். அவன் போனானா என்று தெரியாது.

சித்தியால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க முடியாமல் போனது. மார்க்கெட் வாசலில் ஓரமாக உட்கார்ந்து விற்க ஆரம்பித்தாள். நடந்து விற்கிறவளுக்கு இருந்த வாடிக்கையில் பாதிகூட அங்கே இல்லை. எனக்குப் படிப்பு முடிந்து, கட்டடம் கட்டும் இடங்களில் மண் பரிசோதிக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது.

சில வருடங்கள் கழித்து, கடல் அரிப்பைத் தடுக்க எங்கள் கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட வந்தார்கள். திரும்பவும் லாரிகள். ஒரு மாலை, சித்தி குடத்தோடு தண்ணீருக்குக் காத்திருந்தாள். நானும் பக்கத்தில் நின்று, லாரி கல்லைக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவோ நாள் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று, “சித்தி, அன்னிக்கு உன் காலு...” என்று ஆரம்பித்தேன்.

“கால வுடு. காலு யாருக்கு வோணா போவும்” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். “இங்கல்லாம் இப்பிடித்தான் கத்துவாங்கன்னு சொன்ன பாரு. அத்த தான் என்னால...”

அவள் முடிக்கவில்லை. மன்னித்துவிடு என்று நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தண்ணி லாரி வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். சித்தி குடத்தை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்த நடையோடு எனக்கு முன்னால் போனாள்.